எட்டுக் கோப்பையும் ஒரு பச்சைக் குடமும்: டாரோ சீட்டுகளுக்குக் கனவிலும் கவிதையிலும் உங்கள் அர்த்தத்தைத் தேடும் முறை

டாரோ என்பது பலர் பலன் பார்க்கப் பயன்படுத்தும் படச் சீட்டுக்கட்டு; கோப்பை, வாள், கோல், நாணயம் என்று அதில் நான்கு இனங்களும், தனிப் பெயர் கொண்ட வேறு சில சீட்டுகளும் உண்டு. அதை வாங்கினால் கூடவே ஒரு குட்டிப் புத்தகம் வரும். பொடி எழுத்தில், சீட்டுக்கு நாலைந்து சொல் வீதம் அர்த்தம் போட்டிருப்பார்கள். எட்டுக் கோப்பை என்றால் விலகல், கைவிடுதல், ஏமாற்றம். ஒன்பது வாள் என்றால் கவலை, தூக்கமின்மை. முதல் வருடம் முழுக்க அதைத்தான் நான் மனப்பாடம் செய்தேன். 78 சீட்டு, நேராக வந்தால் ஒன்று, தலைகீழாக வந்தால் வேறொன்று, ஆக 156 அர்த்தம். வாய்ப்பாடு ஒப்பிப்பது போல எல்லாம் வந்தது. ஆனால் சீட்டைக் கையில் எடுத்தால் படம் கண்ணில் படுவதற்கு முன்பே புத்தகத்தின் வரி நாக்கில் வந்து நிற்கும். படத்தை நான் பார்க்கவே இல்லை என்று புரிய இன்னொரு வருடம் ஆனது.

இங்கே சொல்லப்போவது அதற்குப் பிறகு நான் கைக்கொண்ட வழி. கனவை எழுதிவைப்பது, அதைச் சீட்டோடு சேர்த்து வைப்பது, இரண்டிலிருந்தும் சில வரிக் கவிதை எழுதுவது, அந்தக் கவிதையை மறுபடி சீட்டிடம் கொண்டு போவது. இதில் எதிர்காலம் தெரியாது. கிளி ஜோசியத்தில் கிளி எடுத்துத் தரும் சீட்டுக்கு ஜோசியரிடம் பலன் தயாராக இருக்கும். இங்கே கிளியும் நீங்கள், ஜோசியரும் நீங்கள், காசு கொடுத்து எதிரே உட்கார்ந்திருப்பவரும் நீங்களேதான். பலன் மட்டும் தயாராக இருக்காது.

முதலில், புத்தகத்து அர்த்தம் எங்கிருந்து வந்தது?

வரலாறு வேண்டாம் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் எனக்குத் துணிச்சல் தந்தது இதுதான்.

15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் டாரோ என்பது வெறும் சீட்டாட்டம். மிலான் நகரை ஆண்ட விஸ்கோன்டி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காகத் தங்கத் தகடு ஒட்டி வரைந்த கட்டுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நம் ஊர்ச் சீட்டாட்டத்தில் துருப்பு வெட்டுவது போல, அங்கே 22 தனிச் சீட்டுகளில் 'முட்டாள்' நீங்கலாக மற்ற 21-உம் சாதாரணச் சீட்டுகளை வெட்டும். மேஜர் அர்க்கானா என்று இன்று பயபக்தியோடு சொல்கிறோமே, அவை இந்த 22 சீட்டுகள்தான்.

ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்து, 1781-இல், பிரான்சில் அந்துவான் கூர் த ஜெபெலின் என்பவர் இந்தச் சீட்டுகள் பண்டைய எகிப்தின் ஞான நூல் என்று எழுதினார். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷம்போலியோன் படித்துக் காட்டியது 1822-இல். அதாவது எகிப்திய எழுத்தில் ஒரு வரிகூட யாராலும் படிக்க முடியாத காலத்தில் சொல்லப்பட்ட செய்தி அது. அடுத்த சில ஆண்டுகளிலேயே எத்தேய்யா என்ற புனைபெயரில் ஒருவர் சீட்டுகளுக்குப் பலன் எழுதிப் புத்தகம் போட்டார். ஆக, ஆதியில் எழுதி வைத்த அர்த்தம் என்று எதுவும் இல்லை. ஆளாளுக்கு ஏற்றியதுதான். அந்த வரிசையில் நீங்களும் ஓர் ஆளாக நிற்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

எந்தக் கட்டு?

1909-இல் லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவருடையது. வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். பழைய மார்சேய் வகைக் கட்டுகளில் ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பைதான் வரைந்திருக்கும். பமீலா அங்கே கறுப்புப் போர்வைக்காரர் ஒருவரை நிற்க வைத்தார். எண் சீட்டுகளிலும் மனிதர்கள், காட்சிகள். கனவோடு ஒட்ட வேண்டுமென்றால் காட்சி வேண்டும்.

பமீலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். சிறுவயதில் சில ஆண்டுகள் ஜமைக்காவில் வளர்ந்தவர், அந்தத் தீவின் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவர். இசை கேட்கும்போது மனதில் எழும் காட்சிகளை அப்படியே வரைவார். கனவிலிருந்து வரைவதற்கு மிக அருகில் இருக்கும் வேலை அது. நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக் கலைஞர் தன் கூடத்தில் 1907-இல் அவர் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். சீட்டு வேலை முடிந்ததும் அதே ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பெரிய வேலை ஒன்றை மிகச் சொற்பக் காசுக்கு முடித்துக் கொடுத்ததாகக் குறிப்பிட்டிருக்கிறார். வெகுகாலம் அந்தக் கட்டு பதிப்பாளர் பெயராலும் வெயிட் பெயராலும்தான் அறியப்பட்டது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மூலையில் பாம்பு சுற்றியது போல ஒரு சிறு கையெழுத்து இருக்கும். அது பமீலாவுடையது. முதல் பயிற்சியாக அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றும் இல்லை. அவர் இறந்தது 1951-இல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிகிறது. 1909-ஆம் ஆண்டுப் படங்களை இணையத்திலிருந்து எடுத்துக் கெட்டித் தாளில் அச்சிட்டு வெட்டிக்கொள்ளலாம். என் முதல் கட்டு அப்படி வந்ததுதான். குட்டிப் புத்தகத்தின் தொல்லையும் அதில் இல்லை.

படி 1: பத்து நிமிடம் பார்ப்பது

ஒரு சீட்டு. பத்து நிமிடம். போனில் அம்மாவிடம் சொல்வது போல, படத்தில் இருப்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். "சோகமா இருக்கான்" என்று சொல்லக் கூடாது. "தலை குனிஞ்சிருக்கு, போர்வை தரை வரைக்கும் தொங்குது" என்று சொல்லலாம். உங்கள் பேச்சுமொழியிலேயே சொல்லுங்கள். இலக்கணத் தமிழில் சொல்ல ஆரம்பித்தால் கண் மூடிக்கொள்கிறது. இது என் அனுபவம்.

ஐந்து கோப்பைச் சீட்டைப் பாருங்கள். மூன்று கோப்பை கவிழ்ந்து கிடக்கும். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கும். தூரத்தில் ஒரு பாலம், ஒரு வீடு. பலர் அந்தப் பாலத்தைக் கவனிப்பதே இல்லை. ஒன்பது வாளில் ஒருவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறார். சுவரில் ஒன்பது வாள். அந்த வாள்களிலேயே கண் நின்றுவிடும். அவர் போர்த்தியிருக்கும் போர்வையைப் பாருங்கள்: கட்டம் கட்டமாக ரோஜாவும் ராசிச் சின்னங்களும். இவ்வளவு பயத்திலும் யாரோ உட்கார்ந்து பொறுமையாகத் தைத்த போர்வைக்குள்தான் அவர் இருக்கிறார். இதைக் கண்டுபிடித்த அன்று அந்தச் சீட்டின் மேல் எனக்கிருந்த பயம் பாதி போய்விட்டது.

வாரத்துக்கு மூன்று சீட்டு போதும். 78-ஐயும் முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் படியை இன்றிரவே தொடங்கலாம்.

படி 2: கனவு நோட்டு

"எனக்குக் கனவே வராது" என்று சொல்பவர்கள் நிறைய. வரும், மறந்துவிடுகிறது. தெளிவான கனவுகள் பெரும்பாலும், மூடிய இமைக்குள் விழி வேகமாக அசையும் ரெம் உறக்கத்தில் வருபவை. அந்த உறக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றி வரும்; விடியல் நெருங்க நெருங்க அதன் நேரம் கூடும். அதனால் விடிகாலைக் கனவுதான் கையில் அகப்படும். அலாரம் அலறி, எழுந்து, போனில் மெசேஜ் பார்த்தால் எல்லாம் போச்சு.

நான் செய்வது: கண் விழித்ததும் புரளாமல், எந்தப் பக்கம் படுத்திருந்தேனோ அப்படியே கிடப்பேன். கடைசிக் காட்சி என்ன? அதற்கு முன்னால்? வாலைப் பிடித்து இழுப்பது போலப் பின்னோக்கிப் போக வேண்டும். அப்புறம் நோட்டு. போன் வெளிச்சம் கனவை விரட்டுகிறது என்பதால் தலைமாட்டில் நோட்டும் பென்சிலும். எழுத முடியாத நாளில் கண்ணை மூடியபடியே குரல் பதிவு செய்வேன்; பிறகு கேட்டால் யாரோ குடிகாரர் பேசுவது போல இருக்கும், பரவாயில்லை.

நிகழ்காலத்தில் எழுதுங்கள். "போனேன்" வேண்டாம், "போகிறேன்" அல்லது "போறேன்". நிறம், பொருள், இடம், யார் எந்தப் பக்கம் நின்றார்கள், எல்லாம் வேண்டும். முடிவில் கனவுக்கு ஒரு தலைப்பு வையுங்கள். ஒன்றுமே நினைவில்லை என்றால் எழுந்தபோது இருந்த மனநிலையை ஒரு வரியில் எழுதுங்கள். ஒரு வாரம் இப்படி வெறும் வரியாக எழுதினாலே கனவுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்க ஆரம்பிக்கும்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு தடை உண்டு. பல் விழுந்தால் வீட்டில் சாவு, பாம்பு கொத்தினால் பீடை விலகும் என்று பல்லி விழும் பலன் மாதிரி ஒரு பட்டியல் நம் எல்லோர் தலையிலும் இருக்கிறது. டாரோவின் குட்டிப் புத்தகம் எப்படியோ, அப்படித்தான் இதுவும். பாட்டியை மதியுங்கள், பட்டியலை ஓரமாக வையுங்கள். உங்கள் கனவில் வந்த பல் எந்தப் பல், எங்கே விழுந்தது, அதை எடுத்து என்ன செய்தீர்கள்? அதுதான் வேண்டும்.

படி 3: கனவையும் சீட்டையும் பக்கத்தில் வைப்பது

முதல் மாதம் சீட்டைக் குலுக்கி எடுக்காதீர்கள். கட்டை முழுக்க நிமிர்த்திப் பரப்பி, கனவை ஒருமுறை வாசித்துவிட்டு, எந்தப் படம் அந்தக் கனவின் சாயலில் இருக்கிறதோ அதைக் கண்ணால் தேடி எடுங்கள். பொருள் ஒத்துப்போக வேண்டாம்; உடம்பு நிற்கும் விதம், வெளிச்சம், திசை இவற்றில் ஏதோ ஒன்று ஒத்தால் போதும். கூட்டத்தில் தெரிந்த முகத்தைத் தேடுவது போல இருக்கும். கை தானாக ஒன்றில் நிற்கும். ஏன் அது என்று உடனே கேட்காதீர்கள்.

பழகிய பிறகு குப்புறக் கவிழ்த்தும் எடுக்கலாம். கனவுக்குச் சம்பந்தமே இல்லாத சீட்டு வரும். அந்தச் சம்பந்தமின்மைதான் வேலைக்கு உதவுகிறது. கனவில் நீங்கள் கண்டுகொள்ளாத மூலை எதையாவது அது இழுத்துக் காட்டும். இழுக்கவில்லையா, சரி, சீட்டைத் திருப்பி வைத்துவிட்டுக் காபி குடியுங்கள். எல்லா நாளும் அர்த்தம் கிடைத்தாக வேண்டும் என்று அடம்பிடித்தால் பொய் அர்த்தம்தான் கிடைக்கும்.

மூன்றாவது வழி, சீட்டோடு தூங்கப் போவது. பண்டைய கிரேக்கத்தில் எபிடாரஸ் என்ற ஊரில், மருத்துவத் தெய்வமான அஸ்கிளேபியஸின் கோயிலில் நோயாளிகள் இரவு படுத்து, கனவில் தெய்வம் வரக் காத்திருப்பார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். விளக்கணைக்கும் முன் ஐந்து நிமிடம் ஒரு சீட்டைப் பார்த்துவிட்டுத் தலைமாட்டில் வையுங்கள். அன்றிரவே அது கனவில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பகலில் பார்த்தது உடனே வராமல் ஐந்தாறு நாள் கழித்து வேடம் மாற்றிக்கொண்டு வருவதும் உண்டு. அதனால் எந்த இரவு எந்தச் சீட்டு என்று தேதியோடு குறித்து வைப்பது முக்கியம். நிலாச் சீட்டை வைத்துத் தூங்கிய வாரம் எனக்கு நிலாவும் வரவில்லை, நாயும் ஓநாயும் வரவில்லை. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு நண்டு ஏறி வந்தது. அந்தச் சீட்டின் அடிப்பக்கத்தில், குளத்திலிருந்து கொடுக்கோடு ஒரு பிராணி கரையேறிக்கொண்டிருக்கும். நான் அதைப் பார்த்ததாகவே நினைவில்லை.

படி 4: விளக்கம் சொல்ல அவசரப்படாமல் கேட்பது

சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கெட்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி உடனே பரிகாரம் சொல்கிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற குளங்களில் ஆடிக் காமவேளைத் தொழு. கண்ணகி அது "பீடு அன்று" என்கிறாள். பெருமையில்லை, ஒப்பாது என்று பொருள். அன்பான தோழிதான், நல்ல எண்ணம்தான், ஆனால் கனவைப் பற்றி அவள் ஒரு கேள்விகூட மேற்கொண்டு கேட்கவில்லை. கனவு கேட்கும் எல்லோரிடமும் ஒரு தேவந்தி இருக்கிறாள். தனியாகச் செய்தால் அவள் உங்களுக்குள் இருப்பாள்.

அவளைக் கட்டுப்படுத்த ஒரு நல்ல முறை உண்டு. மான்டேகு உல்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் கனவுக் குழுக்களுக்காக வகுத்தது. கேட்பவர், "உன் கனவுக்கு அர்த்தம் இதுதான்" என்று சொல்லக் கூடாது. "இது என் கனவாக இருந்தால்..." என்றுதான் தொடங்க வேண்டும். கனவு கண்டவர் அதில் வேண்டியதை எடுத்துக்கொள்வார், மற்றதை விட்டுவிடுவார். நம்பகமான ஒருவர் இருந்தால் மாதம் ஒருமுறை இப்படி உட்காருங்கள். சீட்டுக்கும் இதே விதி: "இந்தப் படத்துக்குள் நான் நின்றால், எங்கே நிற்பேன்?"

தனியாக இருந்தால் கனவை நோக்கியும் சீட்டை நோக்கியும் நாலு கேள்வி. இரண்டிலும் இருப்பது என்ன? கனவில் இருந்து சீட்டில் இல்லாதது என்ன? சீட்டில் இருந்து கனவில் இல்லாதது? நேற்று பகலில் இதன் நிழல் எங்காவது விழுந்ததா? நடுவில் உள்ள இரண்டு கேள்விகளில்தான் பெரும்பாலும் சரக்கு இருக்கும்.

படி 5: கவிதை

டாரோவும் கவிதையும் சேர்வது புது மோகம் இல்லை. பொயார்தோ என்ற 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் ஒரு சீட்டுக்கட்டுக்காகவே, சீட்டுக்கு மூன்று வரி வீதம் கவிதை எழுதினார். அவருடைய கட்டில் நான்கு இனங்கள் நான்கு உணர்ச்சிகள்: காதல், நம்பிக்கை, பொறாமை, அச்சம். அடுத்த நூற்றாண்டில் இத்தாலியில் ஒரு விளையாட்டு இருந்தது. அவையில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு துருப்புச் சீட்டைப் பொருத்தி, ஏன் அது அவருக்கு என்று கவிதை கட்டுவார்கள். தரோக்கி அப்ரோப்ரியாதி என்று பெயர். புகழ்ச்சியும் கிண்டலும் கலந்திருக்கும். ஜோசியம் ஏறுவதற்கு வெகுகாலம் முன்பே இந்தச் சீட்டு ஆளுக்கு ஆள் வேறு பொருள் கொண்டிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

உங்கள் கவிதை நன்றாக இருக்க வேண்டியதில்லை. யாருக்கும் காட்டவும் வேண்டாம். ஆனால் விதிகள் உண்டு. ஆறு ஏழு வரிக்கு மேல் போகக் கூடாது. வலி, தனிமை, ஏக்கம், வாழ்க்கை, நினைவுகள் ஆகிய சொற்களுக்குத் தடை. சீட்டின் பெயரையும் எழுதக் கூடாது. கனவிலிருந்து இரண்டு பொருள், சீட்டிலிருந்து ஓர் அசைவு. இவ்வளவுதான் சமையல் சாமான்.

என் கனவையே எடுத்துக்கொள்கிறேன். சென்னையில் எங்கள் பழைய தெரு. தண்ணீர் லாரி வரும் முன் விடிகாலையில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். குடம் நமக்காக இடம் பிடித்து நிற்கும். கனவில் அந்த வரிசை. பிளாஸ்டிக் குடங்கள், முதலில் எங்கள் வீட்டுப் பச்சைக் குடம். தெருவில் ஆள் இல்லை. லாரி வரும் சத்தம் கேட்கிறது, நான் எதிர்ப்பக்கம் நடக்கிறேன். விழித்தபோது நெஞ்சு படபடத்தது. பரப்பிய கட்டில் கை போய் நின்றது எட்டுக் கோப்பையில். கீழே ஐந்து, மேலே மூன்று கோப்பை அடுக்கியிருக்கும். மேல் வரிசையில் ஓர் இடைவெளி. சிவப்பு உடையில் ஒருவர் கோலூன்றி, முதுகைக் காட்டிக்கொண்டு மலைப்பக்கம் போகிறார். மேலே நிலா.

அந்த வருடம்தான் நான் இரண்டு ஆண்டுகளாகச் செய்துவந்த ஒரு மொழிபெயர்ப்பைப் பாதியில் நிறுத்தியிருந்தேன். குட்டிப் புத்தகம் உடனே கைதட்டியது: கைவிடுதல், பார்த்தாயா! முதல் முறை எழுதிய கவிதையும் அதன் பேச்சைக் கேட்டது.

வாழ்க்கையின் வரிசையில்
வெறும் குடமாய் என் ஏக்கங்கள்.
கைவிட்டவற்றின் வலி சுமந்து
தனிமையில் நடக்கிறேன்.

தடை செய்த ஐந்து சொற்களில் நாலு உள்ளே வந்துவிட்டன, "கைவிட்டவை" வேறு. இதில் தெருவும் இல்லை, குடத்தின் நிறமும் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது. அடித்துவிட்டு, கண்ணை மூடி, வரிசைக்குப் பக்கத்தில் மறுபடி போய் நின்றேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. வெற்றுப் பிளாஸ்டிக் குடம் காற்றில் உருண்டு போய்விடும். அதனால் உள்ளே ஒரு கல்லைப் போட்டு வைப்போம். கனவு நோட்டில் கல் இல்லை. எழுதும்போது வந்தது.

விடியுமுன் வரிசை.
பச்சைக் குடத்துக்குப் பின்னால்
ஏழு குடங்கள், ஆளில்லை.
லாரிச் சத்தம்.
உள்ளே போட்ட கல்
அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு
எதிர்ப்பக்கம் நடக்கிறேன்.

கவிதையாக இது சுமார்தான். ஆனால் கல் போட்டு வைப்பவள் கைவிட்டுப் போகிறவள் இல்லை. இடம் பிடித்து வைத்துவிட்டுப் போகிறவள். இந்த வரிகளோடு மறுபடி சீட்டைப் பார்த்தபோது அந்தக் கோப்பைகள் ஒன்றும் கவிழ்ந்து கிடக்கவில்லை, எவ்வளவு ஒழுங்காக அடுக்கியிருக்கிறார் என்பது தெரிந்தது. வெறுத்துப் போகிறவர் இப்படி அடுக்கிவிட்டா போவார்? என் எட்டுக் கோப்பைக்கு அன்றிலிருந்து பெயர், "குடம் வைத்துவிட்டுப் போவது". உங்களுக்கு அது வேறு ஏதோவாக இருக்கும். தண்ணீருக்கு வரிசையில் நிற்காத ஒருவருக்கு இந்த அர்த்தம் செல்லாது, செல்லவும் கூடாது.

சில நடைமுறைக் குறிப்புகள். வரி வரவில்லை என்றால் கனவுக் குறிப்பில் உள்ள வினைச்சொற்களை மட்டும் தனியே எழுதுங்கள். கவிதை பெரும்பாலும் வினைகளில் ஒளிந்திருக்கும். எழுதியதை உரக்கப் படியுங்கள். நாக்கு இடறும் இடத்தில் ஏதோ ஒன்றை மறைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே பிடித்த, வேறொருவர் எழுதிய கவிதை வரி ஒன்று வந்து ஒட்டிக்கொண்டால் அதையும் சீட்டின் பக்கத்தில் எழுதி வைக்கலாம், ஆனால் அது உங்கள் வரிக்குப் பதிலாகாது.

படி 6: சீட்டுக்கு ஒரு பக்கம்

ஒரு தடித்த நோட்டில் சீட்டுக்கு ஒரு பக்கம் வீதம் ஒதுக்குங்கள். தேதி, கனவின் தலைப்பு, கவிதை, அன்றைக்கு நீங்கள் வைத்த பெயர். அவ்வளவுதான். அடுத்த முறை அதே சீட்டு வேறொரு கனவோடு வந்தால் பழையதை அடிக்காமல் கீழே எழுதுங்கள். முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் இருக்கட்டும். என் நோட்டில் கோபுரச் சீட்டு ஓரிடத்தில் "மின்வெட்டு", இன்னோரிடத்தில் "அப்பா சத்தமாகச் சிரித்தது". எது சரி என்று இன்னும் தெரியவில்லை. 78 பக்கமும் நிரம்ப வேண்டும் என்பதும் இல்லை. நாலு வருடத்தில் எனக்கு 31 பக்கம்தான் நிரம்பியிருக்கிறது. இரண்டு நாணயம் பக்கம் காலியாகவே கிடக்கிறது.

எங்கே நிறுத்த வேண்டும்

மரணச் சீட்டு வந்தால் சாவு வருகிறது என்று பொருள் இல்லை. இதை எல்லோரும் சொல்வார்கள், ஆனாலும் இரவு பதினோரு மணிக்குத் தனியாக எடுத்தால் வயிற்றைப் பிசையும். அப்படிப்பட்ட சீட்டுகளைப் பகலில் பாருங்கள். அந்தச் சீட்டில் குதிரை மேல் வரும் எலும்புக்கூட்டுக்கு எதிரே ஒரு சிறு குழந்தை மண்டியிட்டு அண்ணாந்து பார்ப்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நடந்த கொடுமை ஒன்றே திரும்பத் திரும்பக் கனவாக வருகிறது, தூங்கவே பயமாக இருக்கிறது என்றால் இந்த நோட்டை மூடிவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். கெட்ட கனவுக்கு இன்று நல்ல சிகிச்சை இருக்கிறது. அங்கே சீட்டுக்கு வேலை இல்லை. உடம்புக்கு என்ன, பணத்தை எதில் போடுவது, அவர் திரும்பி வருவாரா என்றெல்லாம் கேட்கவும் இது இடமில்லை. அடுத்தவர் கனவுக்கு நீங்கள் சீட்டு எடுத்து அர்த்தம் சொல்வதும் வேண்டாம். வீட்டு விசேஷங்களில் யாராவது "எனக்கும் பாரேன்" என்று கையை நீட்டுவார்கள். கட்டை அவர் கையில் கொடுத்து, பிடித்த படத்தை எடுக்கச் சொல்லி, அதில் என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள்.

அப்படித்தான் ஒருமுறை அம்மாவிடம் கட்டு போனது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் எட்டுக் கோப்பையை எடுத்தார். நான் என் குடத்துக் கதை எதையும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எட்டையும் திறந்தே வச்சிட்டுப் போறான் பாரு, ஒண்ணையாவது மூடினானா? தூசி விழாது?"

அதையும் தேதி போட்டு அந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.